வீட்டுப் பெரியவர்களுக்கு அரசு மருத்துவக் காப்பீடு: கடலூர், புதுச்சேரிக் குடும்பங்களுக்கான செய்முறை விளக்கம்

கடலூரில் பேருந்து ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் புதுச்சேரிக்கு வந்துவிடலாம் என்பதால், எல்லைக்கு இருபுறமும் உள்ள நாம் மருத்துவத்துக்காக மாநிலம் மாறிப் போவதை ஒரு பொருட்டாகவே நினைப்பதில்லை. காப்பீட்டு அட்டையின் கணக்கு அப்படியில்லை. எனவே முதல் படியாக, பெரியவரின் ஆதார் முகவரியும் குடும்ப அட்டையும் எந்த மாநிலத்தில் உள்ளன என்று பாருங்கள். அம்மாவின் பெயர் கடலூர்க் குடும்ப அட்டையிலும் ஆதார் புதுச்சேரி முகவரியிலும் இருந்தால், அதைச் சீர்செய்த பிறகே மற்றவற்றைத் தொடங்குவது நல்லது.

இரண்டாவது படி, அவருக்கு ஏற்கெனவே என்ன உரிமை இருக்கிறது என்று கேட்டறிவது. தமிழ்நாடு அரசில் பணியாற்றி ஓய்வு பெற்றவராக இருந்தால், ஓய்வூதியத்தில் மாதந்தோறும் காப்பீட்டுக்கென ஒரு தொகை பிடிக்கப்படும். 2022 ஜூலை முதல் 2026 ஜூன் வரையிலான திட்டத்தில் அது 497 ரூபாய். அந்தத் திட்டத்தின் 5 லட்சம் ரூபாய் சிகிச்சை வரம்பு ஓர் ஆண்டுக்கானது அன்று, நான்காண்டு முழுமைக்குமானது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. சிப்காட் தொழிற்பேட்டை ஆலைகளில் வேலை செய்து, தொழிலாளர்களுக்கான அரசுக் காப்பீடான இ.எஸ்.ஐ.யில் குறைந்தது ஐந்தாண்டுகள் இருந்து ஓய்வு பெற்றவர், ஆண்டுக்கு 120 ரூபாய் செலுத்தினால் தமக்கும் தம் துணைக்கும் மருத்துவ வசதியைத் தொடர்ந்து பெறலாம். இவ்வளவு குறைந்த தொகைக்கு இப்படி ஓர் உரிமை இருப்பதே தெரியாமல் எத்தனையோ பேர் இருக்கிறார்கள் என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

இவை எதுவும் இல்லாத தமிழ்நாட்டுக் குடும்பத்துக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு மிகாமல் இருக்க வேண்டும். குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கும். வருமானச் சான்றிதழ், குடும்ப அட்டை, ஆதார் ஆகியவற்றோடு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டுத் திட்டப் பதிவு மையத்துக்குச் செல்ல வேண்டும். பெரியவரின் பெயர் குடும்ப அட்டையில் விடுபட்டிருந்தால் காப்பீட்டிலும் விடுபட்டுவிடும்.

வயது 70 நிறைந்தவர்களுக்கு மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின் கீழ் ஆயுஷ்மான் வய வந்தனா அட்டை உண்டு. 2024 அக்டோபர் 29 அன்று தொடங்கப்பட்ட இதற்கு வருமான வரம்பு கிடையாது. ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் என்பது குடும்பக் கணக்கு என்பதால், கணவனும் மனைவியும் 70ஐக் கடந்தவர்களானால் இருவரும் அதையே பகிர்ந்துகொள்ள வேண்டும். குடும்பம் முன்பே ஆயுஷ்மான் பாரத் திட்டத்தில் இருந்தால், பெரியவர்களுக்கென்று தனியாக இன்னொரு 5 லட்சம் சேரும். அதை வீட்டின் இளையவர்கள் பயன்படுத்த முடியாது. தனியார் காப்பீடு வைத்திருப்பவரும் இ.எஸ்.ஐ.யில் இருப்பவரும் இதில் சேரலாம். மத்திய அரசு ஊழியர் சுகாதாரத் திட்டம், முன்னாள் படைவீரர் சுகாதாரத் திட்டம் போன்ற அரசுத் திட்டங்களில் இருப்பவர்கள் மட்டும் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். எந்த மருத்துவமனைகளில் எது செல்லும் என்று ஒப்பிட்டுப் பார்க்காமல் அந்த முடிவை எடுக்காதீர்கள்.

வய வந்தனா பதிவுக்கு ஆதார் ஒன்றே போதும் என்றாலும், சிக்கல் வருவதும் அந்த ஆதாரில்தான். பண்ருட்டியில் முப்பது ஆண்டுகள் முந்திரிக்கொட்டை உடைத்துவிட்டு இப்போது புதுச்சேரியில் மகளோடு இருக்கும் என் பெரியம்மாவைப் பதிவுக்கு அழைத்துச் சென்றபோது, கருவி அவருடைய கைரேகையை ஏற்கவே இல்லை. முந்திரித் தோட்டின் எண்ணெய் பட்டுப் பட்டு விரல் நுனிகள் வழவழவென்று ஆகிவிட்டிருந்தன. ஓ.டி.பி. மூலம் முடிக்கலாம் என்றால், ஆதாரில் இருந்ததோ எப்போதோ கைவிட்ட செல்பேசி எண். பத்து விரலையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்த பெரியம்மா, தம் மேல்தான் தவறு என்பதைப் போலக் கையைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டே இருந்தார். கருவிழிப் பதிவு மூலம் வேலை முடிந்தது. முகப்பதிவுக்கும் வழி உண்டு. ஆகவே கைரேகை விழவில்லை என்றால் திரும்பி வந்துவிடாமல், வேறு முறையில் முயன்று பார்க்கும்படி கேளுங்கள். ஆதாரில் இப்போதைய செல்பேசி எண்ணைச் சேர்த்துவிட்டால், ஆயுஷ்மான் செயலியில் வீட்டிலிருந்தே பதிவு செய்யலாம்.

அடுத்தது, மருத்துவமனையைச் சரிபார்ப்பது. நான் மிக முக்கியமாகக் கருதும் படி இதுதான். ‘இங்கே காப்பீடு எடுக்குமா’ என்று பொதுவாகக் கேட்டால் ‘எடுக்கும்’ என்றுதான் பதில் வரும். ஆனால் ஒரு மருத்துவமனை எந்தெந்தச் சிறப்புப் பிரிவுகளுக்காகச் சேர்க்கப்பட்டிருக்கிறதோ அவற்றுக்குத்தான் அட்டை செல்லும்; கண் சிகிச்சைக்கு ஏற்கப்படும் இடத்தில் இதய சிகிச்சைக்கு ஏற்கப்படாமல் போகலாம். ஆயுஷ்மான் பாரத்தில் 27 சிறப்புப் பிரிவுகளில் 1,961 சிகிச்சை முறைகள் பட்டியலிடப்பட்டுள்ளன. எனவே பெரியவருக்குள்ள நோயின் பெயரைச் சொல்லி, ‘இந்தத் திட்டத்தில், இந்தச் சிகிச்சைக்கு, இங்கே முன் அனுமதி கிடைக்குமா’ என்று காப்பீட்டு உதவி மேசையில் கேளுங்கள். ஆயுஷ்மான் பாரத் திட்டத்தில் அங்கே இருப்பவரை ஆரோக்கிய மித்ரா என்பார்கள். கடலூர்க்காரர்கள் புதுச்சேரியில் உள்ள ஜிப்மர் மருத்துவமனைக்கு வரும் முன், தங்கள் அட்டையைக் குறிப்பிட்டு இதே கேள்வியைக் கேட்டுவிடுவது நல்லது.

சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாதாமாதம் வாங்கும் மாத்திரைகள் இந்த அட்டையில் வாரா. இது உள்நோயாளியாகச் சேர்வோருக்கான காப்பீடு. அந்த மாத்திரைகளுக்குத் தமிழ்நாட்டில் 2021 முதல் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்ற அரசுத் திட்டம் இருக்கிறது. முன்பே இருக்கும் நோய்களுக்கு ஆயுஷ்மான் பாரத்தில் காத்திருப்புக் காலம் இல்லை.

பெரியவரைச் சேர்க்கும் நாளில் அட்டையையும் ஆதாரையும் உதவி மேசையில் முதலிலேயே காட்டிவிடுங்கள். பணம் கட்டிய பிறகு அட்டையை நீட்டினால் தொகையைத் திரும்பப் பெறுவது பெரும்பாடு. ஆயுஷ்மான் அட்டையில் அனுமதி வாங்கிய சிகிச்சைக்கு யாரேனும் பணம் கேட்டால் 14555 என்ற எண்ணிலும், முதலமைச்சர் திட்டமானால் 1800 425 3993 என்ற எண்ணிலும் அங்கிருந்தே பேசுங்கள். வீடு திரும்பும்போது, ஆயுஷ்மான் பாரத்தில் அதன் பின் 15 நாள் வரையிலான செலவும் சேரும் என்பதால், அதற்கான மருந்துகளைக் கேட்டு வாங்கிக்கொண்டு புறப்படுங்கள்.