மும்பை மழையில் வானொலி அலை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

செம்பூரிலும் மாட்டுங்காவிலும் ஹாம் வானொலி (உரிமம் பெற்றுப் பொழுதுபோக்காக நடத்தும் வானொலித் தொடர்பு) இயக்கும் நம்மவர்களில் பலர், ஜூனில் சிக்னல் தளர்ந்தவுடன் பெய்யும் மழையின் மீதே பழியைப் போடுகிறார்கள். டிடிஎச் தட்டு பயன்படுத்தும் 12 கிகாஹெர்ட்ஸ் அளவில் கனமழை அலையை விழுங்கும் என்பது உண்மைதான். ஆனால் நாம் பயன்படுத்தும் 145 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் ஏறத்தாழ 2 மீட்டர் என்பதால், சில மில்லிமீட்டரே உள்ள மழைத்துளி அதற்கு ஒரு தடையே அன்று. ஈரம் தங்கிய இலைகளையும் நீர் புகுந்த கேபிள் இணைப்பையுமே முதலில் சந்தேகிக்க வேண்டும். மே மாதத்துக்குள் இணைப்புகளை ரப்பர் நாடாவால் இறுகச் சுற்றாமல் விடுவதுதான், என் கணிப்பில், அதிகச் செலவு வைக்கும் தவறு. கேபிளின் உலோகப் பின்னலுக்குள் நீர் ஏறிவிட்டால் பெரும்பாலும் அதை மாற்றத்தான் வேண்டியிருக்கும்.

மரங்களைப் பற்றிய கணக்கிலும் பிழை மலிந்திருக்கிறது. மரங்களினூடே அலை எவ்வளவு வலுவிழக்கும் என்று கணிக்கும், 1982இல் வெளியான வைஸ்பெர்கர் சூத்திரத்தின்படி, நமது மற்றோர் அலைவரிசையான 435 மெகாஹெர்ட்ஸில் இலையடர்ந்த 10 மீட்டர் தோப்பு ஏறத்தாழ 3.5 டெசிபல் (அலையின் வலிமைக் குறைவை அளக்கும் அலகு) இழப்பைத் தரும். அதைப் பத்தால் பெருக்கி, 100 மீட்டருக்கு 35 டெசிபல் என்று முடிவுகட்டுவது தவறு. சூத்திரம் தருவது 16 டெசிபல்தான். தோப்பின் ஆழம் கூடக் கூட நேராக ஊடுருவும் அலை தேய்ந்தாலும், மரங்களில் சிதறியும் உச்சிகளுக்கு மேலாக வளைந்தும் வரும் பகுதி எஞ்சி நிற்கிறது. எனினும் இந்தச் சூத்திரம் மிதவெப்ப நாடுகளின் உலர்ந்த மரங்களை வைத்து உருவானது. போரிவலி தேசியப் பூங்காவின் ஜூலை மாதப் பசுமைக்கு அதை அப்படியே பொருத்தாமல், கூடுதல் இழப்புக்கு இடம் விட வேண்டும். ஆன்டெனாவை மரத்தை ஒட்டி வைப்பதைவிட, சில மீட்டர் தள்ளியோ உச்சிக்கு மேல் உயர்த்தியோ வைப்பது நல்லது.

கோடையில் கிடைத்த தொலைவை ஆண்டு முழுவதற்கும் அளவுகோலாகக் கொள்வது இன்னொரு தவறு. அரபிக்கடலின் ஈரக்காற்றுக்கு மேல் வறண்ட வெப்பக்காற்று படியும்போது, அலை கடல்பரப்புக்கும் அந்த வறண்ட அடுக்குக்கும் இடையே குழாயில் செல்வதுபோல் நெடுந்தூரம் செல்லும். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் மும்பை அருகே இருந்த 200 மெகாஹெர்ட்ஸ் ரேடார், கடலுக்கு அப்பாலுள்ள அரேபியக் கரையின் எதிரொலியைப் பெற்றது இவ்வாறுதான். பருவமழைக் காற்று அடுக்குகளைக் கலக்கும்போது அந்த வழி பெரும்பாலும் அடைபடுகிறது. ஆகவே அவசரகாலத் தொடர்புக்குத் திட்டமிடுவோர், அதே நிலையத்தை அதே ஆன்டெனாவுடன் ஜூலையிலும் அளந்து, அந்த அளவையே நம்ப வேண்டும்.