டைட்டானியம் எக்ஸாஸ்ட் வெல்டிங்: உள்பக்கத்தைப் பாருங்கள்

காரில் 2 மி.மீ.க்கும் குறைவான தடிமனுள்ள டைட்டானியம் எக்ஸாஸ்ட் (புகைக்குழாய்). நடுக்குழாயில், வெல்டிங் கோட்டை ஒட்டியே விரிசல். கோயம்புத்தூரில் ஒரு சைலன்சர் பட்டறையில், ஆர்கான் வாயுவின் காப்பில் செய்யும் டிக் (TIG) வெல்டிங் வைத்துக் கொடுத்தார்கள். வெளியே பளபளப்பு, ஓட்டிய சில நாட்களில் அதே இடத்தில் மறுபடியும் விரிசல். அடுத்த பட்டறை கோட்டின் மேலேயே இன்னொரு கோடு போட்டது. அதுவும் நிற்கவில்லை.

குழாயைக் கழற்றி டார்ச் அடித்து உள்ளே பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. வெல்டிங்கின் பின்பக்கம் சாம்பல் நிறத்தில், வெள்ளைப் பொடி படிந்திருந்தது. சூடான டைட்டானியம் காற்றிலுள்ள ஆக்சிஜனையும் நைட்ரஜனையும் உறிஞ்சி நொறுங்கும் தன்மைக்குப் போய்விடும். வெல்டிங் டார்ச்சின் முனையில் வரும் ஆர்கான் வெளிப்பக்கத்தை மட்டுமே காக்கும். குழாயின் இரு முனையையும் அடைத்து உள்ளேயும் ஆர்கான் நிரப்ப வேண்டும்.

அப்புறம் சைலன்சர் கடைகளை விட்டுவிட்டு, கெமிக்கல் ஆலைகளுக்கு டைட்டானியம் ஹீட் எக்ஸ்சேஞ்சர் (வெப்பம் கடத்தும் கருவி) செய்யும் பட்டறையைத் தேடினேன். முதலில் ஒரு துண்டில் வெல்டிங் வைத்து, வளைத்துக் காட்டச் சொன்னேன். உடையவில்லை, கோடு வெள்ளி நிறம். இளம் வைக்கோல் நிறம் வரை சரி. அழகாகத் தெரியும் அடர்நீலத்தை வெல்டிங்கில் நான் ஏற்கமாட்டேன்.

பழைய கோடுகளை முழுசாக வெட்டியெடுத்து, புதுத் துண்டு சேர்த்தார்கள். ஸ்டீல் குழாயோடு சேரும் இடத்தில் வெல்டிங்கே கிடையாது, வி-பேண்ட் கிளாம்ப் என்ற இறுக்கும் வளையம்தான்.