அடித்தால்தான் கொடுமையா? முதியோர் துன்புறுத்தலைக் கவனிப்பதிலும் புகார் செய்வதிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கையில் காலில் காயம் இருக்கிறதா என்று தேடுவதுதான் பெரும்பாலானவர்கள் செய்யும் முதல் தவறு. காயம் இல்லை என்றால் "நல்லாத்தான் வச்சிருக்காங்க" என்று திரும்பி வந்துவிடுகிறோம். வயதானவர்களின் தோல் மெலிந்துபோயிருக்கும். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்களுக்குக் கதவில் லேசாக இடித்தாலே கன்றிப்போகும். அதனால் ஒரு கன்றலை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. மணிக்கட்டைச் சுற்றி, மேல்கையின் உள்பக்கம், முதுகு என்று தானாக அடிபட வாய்ப்பில்லாத இடங்களில் தடம் இருந்தால், அதுவும் பழையது புதியது என்று கலந்து இருந்தால், அப்போது யோசிக்க வேண்டும்.

நம் வீடுகளில் நடக்கும் கொடுமையில் பெரும்பகுதி சத்தமில்லாதது. படுக்கையில் ஒண்ணுக்குப் போய்விடுவார், ராத்திரி எழுந்து துணி மாற்ற வேண்டியிருக்கும் என்று சாயங்காலத்துக்கு மேல் தண்ணீர் கொடுப்பதை நிறுத்திவிடுவார்கள். செய்பவர் அதைக் கொடுமை என்றே நினைக்க மாட்டார். ஆனால் உடம்பில் நீர் குறைந்தால் வயதானவர்களுக்கு முதலில் தடுமாறுவது புத்திதான். நேற்றுவரை தெளிவாகப் பேசியவர் இன்று ஆள் தெரியாமல் உளறுவார். உடனே "வயசாயிடுச்சு, புத்தி பேதலிச்சுப் போச்சு" என்று முத்திரை குத்திவிடுவார்கள். அப்புறம் அவர் சொல்லும் எதையும் யாரும் நம்ப மாட்டார்கள். நாக்கும் உதடும் காய்ந்திருப்பது, கட்டிலுக்குப் பக்கத்தில் கை எட்டும் தூரத்தில் செம்பு இல்லாதது, இவையெல்லாம் ஒரு கன்றலைவிட அதிகம் சொல்லும்.

இடுப்பிலும் குதிகாலிலும் வரும் படுக்கைப் புண்ணும் அப்படித்தான். நல்ல பராமரிப்பிலும் அது வரலாம். ஆனால் வந்த புண்ணுக்கு மருந்து இல்லை, கட்டு இல்லை, அதைப் பற்றி யாருக்கும் தெரியவே இல்லை என்றால் அது புறக்கணிப்பு. சட்டை தொளதொளவென்று ஆகிவிட்டதா, உடைந்த மூக்குக்கண்ணாடி மாதக்கணக்கில் அப்படியே கிடக்கிறதா, பல்செட் தொலைந்த பிறகும் குழையாத சோறுதான் தட்டில் விழுகிறதா, சர்க்கரை மாத்திரை அட்டை போன மாதம் பார்த்தபடியே இருக்கிறதா என்று பாருங்கள். எப்போது போனாலும் தூங்கிக்கொண்டே இருக்கிறார் என்றால் என்ன மாத்திரை கொடுக்கிறார்கள் என்று கேளுங்கள். தொந்தரவு செய்யாமல் இருப்பதற்காகத் தூக்க மாத்திரை கொடுப்பதும் துன்புறுத்தல்தான்.

பணத்தையும் மறந்துவிடக் கூடாது. ஓய்வூதியம் வரும் கணக்கின் ஏ.டி.எம். கார்டு யாரிடம் இருக்கிறது? அரசு தரும் முதியோர் உதவித்தொகையில் அந்தப் பாட்டிக்கு வெற்றிலை வாங்கவாவது கையில் ஏதாவது மிஞ்சுகிறதா? அறுபது வயதைத் தாண்டியவர்களில் ஆறு பேருக்கு ஒருவர் ஓராண்டுக்குள் ஏதோ ஒரு வகைத் துன்புறுத்தலைச் சந்திக்கிறார் என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. உடல், மனம், பணம், புறக்கணிப்பு எல்லாம் அந்தக் கணக்கில் அடக்கம்.

கேட்கக் கூடாத இடத்தில் கேட்பது

மகனையும் மருமகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு "நல்லா பாத்துக்கிறாங்களா பெரியம்மா?" என்று கேட்டால் என்ன பதில் வரும்? நாம் போன பிறகு அந்த வீட்டில்தான் அவர் இருக்க வேண்டும். தனியாகப் பேசக் கிடைக்கும் நேரத்தில் கேட்க வேண்டும். அப்போதும் "உங்க பையன் அடிக்கிறானா?" என்று ஆரம்பிக்காதீர்கள். பெற்ற பிள்ளையைக் காட்டிக்கொடுக்க எந்தத் தாய்க்கும் மனசு வராது. "காலையில என்ன சாப்பிட்டீங்க? மாத்திரை யார் எடுத்துத் தர்றாங்க? பணம் வேணும்னா யார்கிட்ட கேப்பீங்க? ராத்திரி பாத்ரூம் போகணும்னா யாரைக் கூப்பிடுவீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். பதில்களைச் சேர்த்துப் பார்த்தாலே வீட்டின் நிலைமை விளங்கிவிடும்.

மறதி நோய் உள்ளவர் விஷயத்தில் இரண்டு பக்கமும் தவறு நடக்கிறது. சாப்பிட்டுக் கை கழுவிய பத்தாவது நிமிடத்தில் "எனக்குச் சோறே போடல" என்பார். அதைக் கேட்டுக்கொண்டு மருமகள் மேல் பாய்வது அநியாயம். அதே சமயம், மறதி நோய் என்பதற்காக அவர் சொல்லும் எல்லாவற்றையும் தள்ளிவிடுவதும் ஆபத்து. துன்புறுத்துபவருக்கு அதைவிடப் பெரிய பாதுகாப்பு வேறில்லை. பேச்சை மட்டும் நம்ப வேண்டாம், ஒதுக்கவும் வேண்டாம். எடை, துணி, புண், ஒரு குறிப்பிட்ட ஆள் அறைக்குள் வந்ததும் முகம் மாறும் விதம், இவற்றோடு சேர்த்துப் பாருங்கள்.

பராமரிப்பவரின் நிலையையும் பார்க்கத்தான் வேண்டும். படுத்த படுக்கையாக இருக்கும் மாமியாரை ஒரே ஒருத்தி ஆண்டுக்கணக்கில் தூக்கி, துடைத்து, ஊட்டி, தூக்கமில்லாமல் நிற்கும் வீடுகள் ஏராளம். அந்த வீட்டின் ஆண்கள் ஒரு ராத்திரிகூட முறை வைத்துப் பார்த்திருக்க மாட்டார்கள். அங்கே ஒரு நாள் கை ஓங்கப்பட்டால், அந்தப் பெண்ணுக்கு உதவி கிடைக்கச் செய்வதுதான் அந்த முதியவருக்கும் பாதுகாப்பு. ஆனால் களைப்பைக் காரணம் காட்டி அடியை நியாயப்படுத்த முடியாது.

"அது அவங்க வீட்டு விஷயம்"

தென் மாவட்டங்களில் விருதுநகர், மதுரை, தேனி பக்கம் தலைக்கூத்தல் என்ற பெயரில் நடந்ததை எல்லோரும் அறிவோம். படுக்கையில் விழுந்த முதியவரைக் குடும்பமே சேர்ந்து சாகடிப்பதற்கு வழக்கம் என்று பெயர் வைத்து, ஊரே கண்டுகொள்ளாமல் இருந்தது. 2010இல் அது செய்தித்தாள்களில் பெரிதாக வந்தபோதுகூட "அவர் கஷ்டப்படாம போய்ச் சேரட்டும்னுதான்" என்று சொன்னவர்கள் உண்டு. சட்டத்தின் கண்ணில் அது கொலை. அந்த முதியவரிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. உறவினர் வாயிலிருந்து அப்படி ஒரு பேச்சு காதில் விழுந்தால், நாளை பார்த்துக்கொள்ளலாம் என்று விடாமல் அன்றே அவசர உதவி எண் 112க்குச் சொல்ல வேண்டும்.

இதற்கு நேர் எதிரான தவறும் இருக்கிறது. கோபத்தில் நேராக அந்த வீட்டுக்குப் போய்ச் சண்டை போடுவது. நாம் நியாயம் கேட்டுவிட்டு வந்துவிடுவோம், அன்று ராத்திரி அதன் விலையைக் கொடுப்பவர் உள்ளே இருக்கும் முதியவர். "ஊர்ல போய் என்ன சொன்னே?" என்ற கேள்வியோடு அடுத்த வேளைச் சாப்பாடு நின்றுபோகும், அக்கம்பக்கத்துப் பேச்சும் துண்டிக்கப்படும். அதேபோல, ரகசியமாக வீடியோ எடுத்து வாட்ஸ்அப்பில் சுற்றவிடாதீர்கள். அழுக்குத் துணியோடு தன்னை ஊரே பார்த்துவிட்டது என்று தெரிந்த பிறகு அந்த மனிதர் வாய் திறக்கவே மாட்டார். படமோ வீடியோவோ இருந்தால் அதிகாரியிடம் மட்டும் கொடுங்கள்.

உயிருக்கு ஆபத்து என்றால் 112, ஆம்புலன்ஸ் வேண்டுமென்றால் 108. மற்ற நேரங்களில் முதியோருக்கான தேசிய உதவி எண் 14567. மூதாட்டி என்றால் பெண்களுக்கான 181ஐயும் அழைக்கலாம். குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் 2005 மனைவிக்கு மட்டுமானது என்று பலர் நினைக்கிறார்கள். ஒரே வீட்டில் வாழும் தாயும் அதன்கீழ் பாதுகாப்புக் கேட்கலாம்.

சட்டத்தைத் தவறாகப் புரிந்துகொள்வது

"புகார் கொடுத்தா பையனை உள்ள வச்சிருவாங்க" என்ற பயத்தில் பல பெற்றோர் வாயை மூடிக்கொள்கிறார்கள். பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம், 2007 முதலில் செய்வது சிறையில் தள்ளுவது அல்ல. வருவாய்க் கோட்டாட்சியர், அதாவது ஆர்.டி.ஓ., தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனு கொடுக்கலாம். சமரச அலுவலரை வைத்துப் பேசி முடிக்கவும் வழி உண்டு. நோட்டீஸ் போய்ச் சேர்ந்த 90 நாட்களுக்குள் பராமரிப்பு மனுவை முடிக்க வேண்டும், தவிர்க்க முடியாத காரணம் இருந்தால் மேலும் 30 நாட்கள். பராமரிப்புத் தொகைக்கு மாதம் 10,000 ரூபாய் வரை சட்டம் உச்சவரம்பு வைத்திருக்கிறது. உத்தரவு திருப்தியில்லை என்றால் 60 நாட்களுக்குள் மாவட்ட ஆட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம். முதியவரை வேண்டுமென்றே கைவிட்டுவிட்டுப் போவது மட்டும் தனிக் குற்றம்: 3 மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும்.

"பொண்ணு கட்டிக்கொடுத்தாச்சு, அவளுக்குப் பொறுப்பில்லை" என்பதும் தவறு. மகன், மகள், பேரன், பேத்தி எல்லோரும் இந்தச் சட்டத்தில் பிள்ளைகள்தான். வாரிசு இல்லாதவர் என்றால் அவருடைய சொத்தை வைத்திருக்கும் அல்லது அடையப்போகும் உறவினர் பொறுப்பு. முதியவரால் நடமாட முடியாவிட்டால் அவர் அதிகாரம் கொடுத்த வேறு ஒருவரோ அமைப்போ மனு கொடுக்கலாம். தீர்ப்பாயம் தானாகவே எடுத்து விசாரிக்கவும் சட்டத்தில் இடம் உண்டு. ஆகவே பக்கத்து வீட்டுக்காரர் கோட்டாட்சியருக்கோ மாவட்ட சமூக நல அலுவலருக்கோ எழுதும் ஒரு பக்கக் கடிதம் வீணான வேலை அல்ல.

அந்தக் கடிதத்தில் "மகன் மிருகம் போல நடந்துகொள்கிறான்" என்று எழுதாதீர்கள். எந்தத் தேதி, எத்தனை மணி, என்ன பார்த்தீர்கள், என்ன கேட்டீர்கள், முதியவர் தன் வாயால் சொன்ன வார்த்தை என்ன என்று எழுதுங்கள். ஆதாரம் முழுதாகக் கையில் வரட்டும் என்று காத்திருப்பதும் வேண்டாம். விசாரிப்பது அதிகாரியின் வேலை. நாம் செய்ய வேண்டியது அந்த வீட்டுக்குள் வெளியாள் ஒருவரின் பார்வை போகும்படி செய்வது.

பத்திரம் எழுதும்போது விடும் கோட்டை

சொத்துத் தகராறில்தான் மிக அதிகமாக ஏமாறுகிறார்கள். பாசத்தில் வீட்டைத் தான செட்டில்மென்டாக எழுதிக் கொடுத்துவிட்டு, அடுத்த வருடம் அதே வீட்டின் பின்கட்டில் கிடப்பவர்கள் இருக்கிறார்கள். 2007 சட்டத்தின் 23ஆம் பிரிவு, பராமரிப்பேன் என்ற நிபந்தனையோடு வாங்கிவிட்டுப் பராமரிக்காமல் விட்டால் அந்தப் பத்திரத்தை ரத்து செய்ய வழி கொடுக்கிறது. சிக்கல் அந்த நிபந்தனையில்தான். அது இருந்ததாகக் காட்ட வேண்டும் என்று 2022இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2025 ஜனவரியில் வந்த இன்னொரு தீர்ப்பில், இந்தச் சட்டத்தைத் தாராள மனதோடு படிக்க வேண்டும் என்று சொல்லி, ஒரு தாய் மகனுக்குக் கொடுத்த தானத்தை அதே நீதிமன்றம் ரத்து செய்தது. நீதிமன்றம் எப்படிப் படிக்கும் என்று பார்த்துக்கொண்டிருப்பதைவிட, "என் ஆயுள் வரை இந்த வீட்டில் வசிக்க எனக்கு உரிமை உண்டு, என்னைப் பராமரிக்க வேண்டும், தவறினால் பத்திரம் ரத்தாகும்" என்ற வாசகத்தை எழுதும்போதே சேர்த்துவிடுவது நல்லது. கேட்கச் சங்கடமாகத்தான் இருக்கும். ஆனாலும் கேளுங்கள்.

வயது குறைந்தவர்களை மறந்துவிடுவது

இந்தப் பேச்சில் எப்போதும் விட்டுப்போகிறவர்கள், பிறரைச் சார்ந்து வாழும் மாற்றுத்திறனாளிகள். அம்மா அப்பா போன பிறகு, மனவளர்ச்சிக் குறைபாடுள்ள நாற்பது வயதுத் தம்பி அண்ணன் வீட்டில் எப்படி இருக்கிறார் என்று யாரும் கேட்பதில்லை. அவர் வாயால் புகார் சொல்லவும் முடியாது. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016 இதில் மிகத் தெளிவாக இருக்கிறது. துன்புறுத்தல் நடக்கிறது என்று நம்பக் காரணம் உள்ள யாரும் அந்தப் பகுதி நிர்வாக நடுவரிடம், அதாவது எக்ஸிகியூட்டிவ் மாஜிஸ்திரேட்டிடம், தகவல் தரலாம். தன் பொறுப்பில் உள்ளவருக்கு வேண்டுமென்றே சோறும் தண்ணீரும் மறுத்தால் 6 மாதம் முதல் 5 ஆண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. சட்டப்படி நியமிக்கப்பட்ட பாதுகாவலரே சொத்தைச் சுருட்டினாலோ கவனிக்காமல் விட்டாலோ, அவரை நீக்கக் கோரி தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின் கீழ் மாவட்ட அளவில் இயங்கும் குழுவிடம் உறவினரோ பதிவு பெற்ற அமைப்போ மனு கொடுக்கலாம்.

கடைசியாக, உத்தரவு வந்ததும் ஒதுங்கிவிடும் தவறு. இரண்டு மாதம் பணம் கொடுத்துவிட்டு நிறுத்திவிடும் பிள்ளைகள் உண்டு. நின்றுபோன தொகையை வசூலிக்க, அது கொடுக்க வேண்டிய நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் அதே தீர்ப்பாயத்தில் மனு கொடுக்க வேண்டும். அந்த முதியவர் தானாக வந்து சொல்ல மாட்டார். மனு எழுதிக் கொடுத்தவர்தான் மாதம் பிறந்ததும் போய், தனியாக உட்கார்ந்து, "இந்த மாசம் பணம் வந்துச்சா ஐயா?" என்று கேட்க வேண்டும்.