பாலப்பத்தை இலேசாக்கப் போய் நாம் கெடுக்கும் இடங்கள்

ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் திருகோணமலையின் உவர்மலை ஒழுங்கைகளில் நடந்தால், எந்த வீட்டில் அப்பம் சுடுகிறார்கள் என்பதை மூக்கே சொல்லிவிடும். புளித்த மா சூட்டில் படும் மணம் முதலில் வரும். சற்றுத் தாமதித்துத் தேங்காய்ப்பாலும் சீனியும் சேர்ந்து இறுகும் வாசம் வரும். வெள்ளையப்பம் முடிந்து பாலப்பம் தொடங்கிவிட்டது என்று அதற்குப் பொருள். இப்போது அந்த இரண்டாவது வாசம் கொஞ்சம் மெலிந்திருக்கிறது. ஒரு வீட்டில் சீனி வருத்தம், இன்னொரு வீட்டில் கொலஸ்ட்ரோல், எல்லா வீட்டிலும் தேங்காய் விலை. பாலப்பத்தை விடவும் மனமில்லை, பழையபடி சாப்பிடவும் துணிவில்லை. அதனால் ‘இலேசான பாலப்பம்’ சுடத் தொடங்கியிருக்கிறோம். நான் தொடங்கி மூன்று ஆண்டுகள் ஆகின்றன. அதில் முதல் ஆண்டு முழுவதும் நான் சுட்டவை இலேசாகவும் இல்லை, அப்பமாகவும் இல்லை.

பாரம் எங்கே இருக்கிறது என்று பார்க்காமல் கண்டபடி குறைக்கத் தொடங்கியதுதான் என் முதல் தவறு. எங்கள் வீட்டில் அரைக் கிலோ அரிசி மாவில் ஏறக்குறைய 20 அப்பம் வரும். அப்படியானால் ஓர் அப்பத்தில் 25 கிராம் மா, அதாவது சுமார் 90 கலோரி. பழைய முறையில் அதன் நடுவில் இரண்டு மேசைக்கரண்டி முதற்பாலும் இரண்டு தேக்கரண்டி சீனியும் விழும். தண்ணீர் அதிகம் விடாமல் பிழிந்த முதற்பாலில் 100 கிராமுக்கு 20 கிராம் அளவில் கொழுப்பு இருக்கும். அதில் பெரும்பங்கு நிறைவுற்ற கொழுப்பு. ஆகவே 30 மில்லிலீற்றர் பாலில் 6 கிராம் கொழுப்பு, 55 முதல் 60 கலோரி. 8 கிராம் சீனிக்கு 32 கலோரி. கூட்டிப் பாருங்கள். உள்ளங்கையளவு நடுப்பகுதி, மீதி அப்பம் முழுவதற்கும் ஈடான பாரத்தைச் சுமக்கிறது.

குறைக்க வேண்டிய இடம் நடுப்பகுதி. நாமோ அதை விட்டுவிட்டு மாவில் கை வைக்கிறோம். மா கெட்டால் அப்பம் ருசிக்காது. ருசிக்காத அப்பத்தைச் சாப்பிடவைக்கச் சீனிப் போத்தலைத் திறப்போம். என் அடுப்படியில் நடந்த எல்லாத் தவறுகளும் கடைசியில் அந்தப் போத்தலில்தான் போய் முடிந்திருக்கின்றன.

புளிக்கவைப்பதை எடுத்துக்கொள்ளுங்கள். சமையல் குறிப்புகள் ‘ஓர் இரவு புளிக்க விடுங்கள்’ என்று எழுதிவிடுகின்றன. எந்த ஊர் இரவு? நுவரெலியா இரவும் திருகோணமலை இரவும் ஒன்றா? மே முதல் ஆகஸ்ட் வரை கச்சான் காற்று அடிக்கும் நாட்களில் எங்கள் வீட்டுச் சுவர்கள் நள்ளிரவு வரை சூடு கக்கும். அப்படியொரு நாளில் அரைக் கிலோ மாவுக்கு அரைத் தேக்கரண்டி ஈஸ்ட் போட்டு, இரவு 8 மணிக்கு மூடிவைத்துவிட்டுப் படுத்தேன். விடியற்காலையில் பாத்திரம் வழிந்து மேசையில் மா ஓடிக்கொண்டிருந்தது. வாயில் வைத்தால் பல் கூசும் புளிப்பு. எறிய மனம் வரவில்லை. புளிப்பை மறைக்க ஒவ்வோர் அப்பத்திலும் வழக்கத்தைவிட ஒரு கரண்டி சீனி கூடப் போட்டேன். சீனியைக் குறைப்பதற்காகத் தொடங்கிய வேலை அது!

இப்போது கச்சான் காலத்தில் கால் தேக்கரண்டி ஈஸ்ட்டுக்கு மேல் போடுவதில்லை. படுக்கப் போகும்போதுதான் கரைக்கிறேன்; பாத்திரத்தை ஒரு தண்ணீர்த் தட்டில் இறக்கி வைக்கிறேன். ஐந்தாறு மணி நேரம் போதும். மார்கழி மழையும் வாடைக்காற்றும் இருக்கும் நாட்களில் அதே மாவுக்கு அரைத் தேக்கரண்டியும் முழு இரவும் வேண்டும். மணிக்கூட்டைப் பார்ப்பதைவிட மாவைப் பார்ப்பது நல்லது. இரண்டு மடங்காகப் பொங்கி, மேலே சிறு குமிழ்கள் வெடித்து, மெல்லிய புளிப்பு மணம் வந்தால் மா ஆயத்தம். கள்ளு ஊற்றிப் புளிக்கவைத்த காலத்தில் இந்தப் பக்குவம் வீட்டுப் பெண்களின் மூக்கில் இருந்தது. ஈஸ்ட் டப்பாவின் மேலட்டையில் அதை எதிர்பார்க்கக் கூடாது.

மா பொங்காவிட்டால் அடுத்த தவறு காத்திருக்கிறது: அப்பச்சோடா. ஒரு சிட்டிகை போட்டால் அழகாகக் கண் விடும் என்பது உண்மை. ஒரு தேக்கரண்டி போட்டால் அப்பம் மஞ்சளாகும், சவர்க்காரம் போலக் கசக்கும், மறுபடியும் சீனி தேடவைக்கும். ஒரு தேக்கரண்டி அப்பச்சோடாவில் 1,200 மில்லிகிராமுக்கு மேல் சோடியம் இருக்கிறது. ஒரு நாளைக்கு 2,000 மில்லிகிராமுக்குள் நிற்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்காகச் சீனியைக் குறைத்துவிட்டுச் சோடாவை அள்ளிப் போடுவதில் என்ன இலாபம்?

மாவில் போடும் சீனியை முற்றாக நிறுத்துவது நல்ல எண்ணத்தில் செய்யும் பிழை. அரைக் கிலோ மாவில் இரண்டு தேக்கரண்டி சீனி, 20 அப்பத்துக்குப் பங்கிட்டால் ஒன்றுக்கு அரைக் கிராம்கூட வராது. அந்தச் சிறிய அளவு ஈஸ்ட்டை எழுப்பிவிடுகிறது. கரை பொன்னிறமாக முறுகுவதற்கும் உதவுகிறது. அதை எடுத்துவிட்டால் கரை வெளிறி, கடதாசி போல மடியும். வேலை செய்யும் சீனியை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, நடுவில் சும்மா படுத்திருக்கும் சீனிக்குச் சம்பளம் கொடுக்கிறோம்.

சிவப்பரிசி பற்றி இரண்டு வார்த்தை. தவிட்டோடு கூடிய அரிசி நல்லதுதான், நார்ச்சத்து கூடும். ஒருமுறை தம்பலகாமம் பக்கமிருந்து சிவப்புப் பச்சையரிசி வாங்கி வந்து முழுக்க முழுக்க அதிலேயே அரைத்தேன். அப்பம் சட்டியோடு ஒட்டி, கரை எழும்பாமல், ரொட்டிக்கும் அப்பத்துக்கும் நடுவில் ஒன்று வந்தது. மூன்றில் ஒரு பங்கு சிவப்பு, இரண்டு பங்கு வெள்ளைப் பச்சையரிசி என்றால் கரை நிற்கும். தவிடு தண்ணீரை மெதுவாகத்தான் குடிக்கும். அதனால் காலையில் பால் விட்டுக் கரைத்த பின் இருபது நிமிடம் பொறுத்துப் பார்த்துத் தேவையென்றால் இன்னும் கொஞ்சம் நீர் சேர்க்கலாம். இடியப்பத்துக்கு வறுத்து வைத்த மா மிச்சம் இருக்கிறதே என்று அதை இதில் கலக்க வேண்டாம். ஓட்ஸ் கலப்பவர்களும் இருக்கிறார்கள். அதற்குக் கஞ்சி காய்ச்சிக் குடிக்கலாம்.

இனி நடுப்பகுதி. பாலைக் குறைக்கச் சொன்னால் கை இயல்பாகத் தண்ணீர்க் குழாயைத் தேடும். தண்ணீர் கலந்த பால் நடுவில் நிற்காது. கரை ஓரம் ஏறி ஓடி, முறுகலையும் நனைத்துவிடும். பத்து நிமிடம் மூடி வைத்தாலும் இறுகாது. அதற்குள் அடி கருகிவிடும். இதற்கு வழி சொன்னவர் மூதூரிலிருந்து வந்து எங்கள் அடுத்த வீட்டில் குடியிருக்கும் மாமி. நான் இரண்டாம் பாலை ஊற்றிவிட்டு அப்பத்தை முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது, “பிள்ளை, அந்தப் பாலுக்குள் ஒரு கரண்டி அப்ப மாவைக் கலக்கி ஊற்று” என்றார். அவ்வளவுதான் விஷயம். ஒரு மேசைக்கரண்டி முதற்பால், ஒரு மேசைக்கரண்டி இரண்டாம் பால், ஒரு தேக்கரண்டி புளித்த மா, கண்ணுக்குத் தெரியாத அளவு உப்பு, விருப்பமென்றால் ஏலக்காய்த் தூள். சூடேறும்போது மா தடித்துப் பாலைப் பிடித்துக்கொள்ளும்; கட்டிப்பால் போலவே நடு தளதளக்கும். கொழுப்போ ஏறக்குறைய பாதி. உப்பை மறக்க வேண்டாம். ஒரு சிட்டிகை உப்பு இருந்தால் குறைந்த இனிப்பும் நாக்கில் நிமிர்ந்து நிற்கும்.

ஊற்றும் நேரமும் முக்கியம். மாவைச் சுழற்றியவுடனே பாலை ஊற்றினால் இரண்டும் கலந்து களியாகும். கரை ஈரம் வற்றி வெளுக்கும்வரை அரை நிமிடம் பொறுக்க வேண்டும். அதன் பின் பாலை விட்டு, அடுப்பைத் தணித்து, மூடியின் உட்புற நீரைத் துடைத்துவிட்டு மூட வேண்டும். மூடியிலிருந்து சொட்டும் நீரும் நீர்தானே.

தேங்காய்ப்பாலுக்குப் பதில் கொழுப்பு நீக்கிய பசுப்பால் விடுகிறவர்கள் உண்டு. புளித்த மாவின் அமிலம் பட்டால் பசுப்பால் திரிந்துவிடும். மிச்சம் சட்டியில் அடிப்பிடிக்கும். அதை அடுப்பிலிருந்து தள்ளியே வைக்கலாம். தேங்காய்ப்பால் மா பாக்கெட்டை இலேசு என்று நம்புவதும் தேவையில்லை. இலேசும் பாரமும் நீங்கள் எத்தனை கரண்டி கரைக்கிறீர்கள் என்பதில் இருக்கின்றன.

சீனிக்கு வருகிறேன். ‘சீனி வேண்டாம், சர்க்கரை போட்டிருக்கிறேன், பயமில்லாமல் சாப்பிடுங்கள்’ என்ற வார்த்தையை எத்தனை வீடுகளில் கேட்டிருக்கிறேன்! தமிழகத்து வாசகர்களுக்கு ஒரு குறிப்பு: எங்கள் ஊரில் வெள்ளையாக இருப்பது சீனி, சர்க்கரை என்றால் உங்கள் வெல்லம். சர்க்கரை, பனங்கட்டி, கித்துள் பாணி, தேன் எதுவானாலும் உடலுக்குள் போனால் இனிப்புதான். கிராமுக்குக் கிராம் பார்த்தால் சர்க்கரையின் கலோரி சீனியைவிடப் பெரிதாகக் குறையாது. பாணியிலும் தேனிலும் நீர் இருப்பதால் கொஞ்சம் குறையும், அவ்வளவே. உலக சுகாதார நிறுவனம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டல், சேர்க்கும் இனிப்புகளை நாளாந்தச் சக்தியில் 10 வீதத்துக்குள் வைக்கச் சொல்கிறது. 5 வீதத்துக்குள் என்றால் இன்னும் நல்லது. 2,000 கலோரி உண்பவருக்கு அந்த 5 வீதம் 25 கிராம், ஆறு தேக்கரண்டி. தேனையும் பாணியையும் அது இந்தக் கணக்கில்தான் சேர்க்கிறது. கந்தளாயில் சீனித் தொழிற்சாலை ஓடிய காலத்தில் சீனி எங்களுக்கு அயல்வீட்டுப் பண்டம். தொழிற்சாலை மூடிப் பல காலம் ஆகிறது. நாக்கு மட்டும் இன்னும் மூடவில்லை.

ஆனாலும் நான் பனங்கட்டியின் பக்கம்தான். காரணம் அதன் மணம். சீனியில் இனிப்பைத் தவிர வேறொன்றும் இல்லை. பனங்கட்டியில் புகையும் மெல்லிய கசப்பும் இருப்பதால் குறைவாகப் போட்டாலும் நிறைவாக இருக்கிறது. அதைப் பாலில் கரைக்கக் கூடாது. கரைத்தால் இனிப்பு எங்கும் பரவி எங்கும் போதாமல் போகும். ஒரு தேக்கரண்டி அளவு நொறுக்கி, நடு இறுகிவரும்போது மேலே தூவினால் அங்கங்கே பல்லில் படும். இரண்டு கரண்டி சீனி செய்த வேலையை அந்த நான்கு கிராம் செய்துவிடுகிறது. முன்பு 90 கலோரி இருந்த நடு இப்போது 60க்குள் நிற்கிறது.

வாழைப்பழத்தைப் பிசைந்து மாவில் சேர்த்தால் சீனியே வேண்டாம் என்று ஒரு யோசனை உலவுகிறது. செய்து பார்த்தேன். பழச் சீனி சட்டியில் ஒட்டிக் கருகியது, அப்பம் கனத்தது. பழுத்த கதலியை வெட்டிப் பக்கத்தில் வைத்தால் போதும்.

எண்ணெய் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பழகிய இரும்புச் சட்டிக்கு நல்லெண்ணெய் தொட்ட துணியால் ஒரு துடைப்புப் போதும். ஒட்டுகிறது என்று ஒவ்வொரு முறையும் கரண்டியால் ஊற்றினால், நடுவில் மிச்சம் பிடித்ததை அடியில் செலவழிக்கிறோம். ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் 120 கலோரி.

ஆகப் பெரிய தவறு சட்டியில் நடப்பதில்லை, மேசையில் நடக்கிறது. இலேசானதுதானே என்று ஐந்து சாப்பிடுவது. நடுவைக் குறைத்தாலும் அரிசி அரிசிதான். ஓர் அப்பத்தில் 20 கிராம் மாப்பொருள் இருக்கிறது. நான்கு சாப்பிட்டால் 80. சீனி வருத்தம் உள்ளவர்கள் எத்தனை சாப்பிடலாம் என்பதைத் தங்கள் வைத்தியரிடம் இந்தக் கணக்கைச் சொல்லிக் கேட்பது நல்லது. எங்கள் வீட்டில் இப்போது வரிசையை மாற்றிவிட்டோம். முதலில் முட்டையப்பம் ஒன்று, கட்டைச்சம்பலுடன் வெள்ளையப்பம் ஒன்று, கடைசியில் ஆளுக்கு ஒரே ஒரு பாலப்பம். பசியோடு இருக்கும்போது பாலப்பத்தை முதலில் வைத்தால் ஒன்றோடு எழும்புகிறவரை நான் பார்த்ததில்லை. அதோடு குடிக்கும் தேநீரையும் கவனிக்க வேண்டும். இரண்டு கரண்டி சீனி போட்ட பால் தேநீர் ஒன்று, நடுவில் நாம் சிக்கனம் செய்ததை அப்படியே திருப்பித் தந்துவிடும்.

மிஞ்சிய மாவைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் திங்கட்கிழமை காலையில் இன்னும் புளித்திருக்கும். அதில் பாலப்பம் சுட வேண்டாம். அந்தப் புளிப்பு மறுபடியும் சீனி கேட்கும். பச்சை மிளகாயும் சின்ன வெங்காயமும் அரிந்து போட்டு, முட்டை உடைத்து ஊற்றிச் சுட்டால், பாடசாலைக்கு ஓடும் பிள்ளைகள் பேசாமல் சாப்பிட்டுவிட்டுப் போவார்கள்.