உழுந்தும் பயறும்: திருகோணமலைக் காணிக்கு ஏற்றபடி

போன போகம் உழுந்து நல்ல விலை போனதென்று முழுக் காணியிலும் அதையே விதைக்காதீர்கள். எல்லாரும் அப்படித்தான் நினைப்பார்கள், அறுவடையில் விலை விழும். நான் உழுந்து, கௌப்பி, பயறு என்று பிரித்தே போடுகிறேன்.

மாரி உழுந்துக்கு மேட்டுக் காணிதான் சரி. டிசம்பர் மழை இங்கே சும்மா விடாது. தண்ணீர் தேங்கினால் வேர் அழுகும்.

வயலில் நெல் வெட்டியதும் ஈரம் காயுமுன் பயறு விதைத்தால் சுமார் 65 நாளில் காய் ஆயலாம். இலையில் மஞ்சள் திட்டுத் திட்டாக வந்தால் அந்தச் செடியைப் பிடுங்கி அழியுங்கள். வெள்ளை ஈ பரப்பும் வைரஸ் அது, மருந்தடித்துச் செடி தேறாது. தயவு பார்க்க வேண்டாம்.

அப்புறம், விதைக்கு எடுத்ததை நன்றாகக் காயவைத்து, சூடு ஆறியபின் காற்றுப் புகாமல் மூடி வையுங்கள். இல்லாவிட்டால் வண்டுக்குத்தான் விருந்து.