அயர்லாந்துப் பிரசுரங்களைப் படிப்பவர்கள் செய்யும் தவறுகள்: என்னுடையதையும் சேர்த்து

பதினெட்டாம் நூற்றாண்டு அயர்லாந்தின் அரசியல் பிரசுரங்களைப் பற்றித் தமிழில் எழுத முனைபவர்கள் ஆண்டுக்கு இரண்டு மூன்று பேராவது தங்கள் வரைவைக் கொடுத்து என்னைப் பார்க்கச் சொல்கிறார்கள். போன மாதம் ஒன்று வந்தது. இரண்டாம் பக்கத்தில் நின்றுவிட்டேன். இருபது ஆண்டுகளுக்கு முன் நான் எழுதி அவமானப்பட்ட அதே வாக்கியம், ஏறக்குறைய அதே சொற்களில், அங்கே இருந்தது. எழுதிய பெண்ணுக்கு அப்போது நான் பிறந்திருந்தேனா என்று கேட்கும் வயது. என் கட்டுரையை அவர் பார்த்திருக்க வாய்ப்பே இல்லை. தவறு தானாகவே முளைக்கிறது.

பெயர்களை மாற்றி எழுதுவது, ஆண்டு பிசகுவது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். இரண்டாம் வாசிப்பில் அவை கண்ணில் பட்டுவிடும்.

துண்டுப் பிரசுரம் என்று எழுதுவது

நமக்குத் துண்டுப் பிரசுரம் என்றால் தேர்தல் நேரத்தில் கையில் திணிக்கப்படும் ஒற்றைத் தாள். வில்லியம் மாலினூ என்ற டப்ளின் அறிவியலாளர் 1698இல் அயர்லாந்தின் வழக்கை எடுத்துவைத்தது நூற்றைம்பது பக்கங்களுக்கு மேல். 'துண்டு' வேண்டாம்.

'மக்கள்' என்றால் எல்லோரும் என்று நினைப்பது

இங்கேதான் எனக்கு இன்னும் எரிச்சல் அடங்கவில்லை.

வில்லியம் வுட் என்ற ஆங்கிலேய வணிகருக்கு, அயர்லாந்தில் புழங்கச் செப்புக் காசு அடிக்கும் உரிமை 1722இல் கிடைத்தது. உரிமையை முதலில் கையில் வைத்திருந்தவர் மன்னர் முதலாம் ஜார்ஜின் காதலியான கெண்டல் சீமாட்டி. அவர் அதை 10,000 பவுண்டுக்கு வுட்டிடம் விற்றார். டப்ளின் நாடாளுமன்றத்தை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. 1724இல் ஜொனாதன் ஸ்விஃப்ட், 'M.B.' என்ற துணிக்கடைக்காரர் எழுதுவதுபோல வரிசையாகக் கடிதங்கள் வெளியிட்டு, அந்தக் காசைத் தொடாதீர்கள் என்றார். நான்காம் கடிதத்தின் தலைப்பு 'அயர்லாந்தின் மக்கள் அனைவருக்கும்'. கடவுளின் சட்டப்படியும், இயற்கையின் சட்டப்படியும், உங்கள் சொந்த நாட்டுச் சட்டப்படியும் இங்கிலாந்திலுள்ள உங்கள் சகோதரர்களைப் போல நீங்களும் சுதந்திரமானவர்கள் என்று அதில் வருகிறது. எழுதியவரைக் கண்டுபிடித்துத் தருபவருக்கு 300 பவுண்டு பரிசு என்று வைஸ்ராய் கார்டரெட் அறிவித்தார். எழுதியவர் யாரென்று டப்ளினுக்கே தெரியும். பரிசை வாங்க ஒருவரும் போகவில்லை. மறு ஆண்டு வுட்டின் உரிமை திரும்பப் பெறப்பட்டது.

இந்தக் கதையில் மயங்காதவர் யார்? ஒரு சிற்றிதழில் ஆறு பகுதிகளாகத் தொடர் எழுத ஒப்புக்கொண்டேன். முதல் பகுதியிலேயே 'மதம் கடந்து அயர்லாந்து மக்கள் ஒன்றாய் எழுந்தனர்' என்று எழுதிவிட்டேன். அடுத்த பகுதிகளை அந்த வாக்கியத்தின் தலைமேல் கட்டினேன். மூன்று பகுதிகள் அச்சாகிவிட்டன. நான்காவதைக் கொடுத்தபோது ஆசிரியர் ஓரத்தில் பென்சிலால் ஒரே ஒரு கேள்வி எழுதித் திருப்பினார்: 'கடிதத்தை முழுதாகப் படித்தீர்களா?'

படித்திருக்கவில்லை. புகழ்பெற்ற வரி எங்கே இருக்கிறதென்று தேடிப் போய், அதை மட்டும் பறித்துக்கொண்டு வந்திருந்தேன்.

அன்றிரவு முதல் வரியிலிருந்து படித்தேன். கத்தோலிக்கர்கள் கூட்டுச் சேர்ந்து காசை எதிர்க்கிறார்கள் என்று வுட் தரப்பு சொல்லிவந்ததற்கு ஸ்விஃப்ட் அதே கடிதத்தில் பதில் சொல்கிறார். கத்தோலிக்கர்கள் இந்த விஷயத்தில் அசையவே இல்லை என்பது ஊரறிந்தது என்கிறார். நாடாளுமன்றத்தின் இரு அவைகள், மன்னரின் ஆலோசனை சபை, டப்ளின் மேயர், மாவட்டங்களின் பெரிய மனிதர்கள் எல்லோரையும் மொத்தமாகக் கத்தோலிக்கர் என்று சொல்லி இழிவுபடுத்துகிறார்களே என்று கொதிக்கிறார். 'அனைவருக்கும்' என்று தலைப்பிட்ட கடிதத்துக்குள் கத்தோலிக்கர் என்று அழைக்கப்படுவதே ஒரு வசை! என்னுடைய 'மதம் கடந்து' அந்த இடத்திலேயே உயிர்விட்டது.

அயர்லாந்தில் ஏறக்குறைய நாலில் மூன்று பேர் கத்தோலிக்கர்கள். 1704ஆம் ஆண்டுச் சட்டப்படி அவர்கள் நிலம் வாங்க முடியாது, 31 ஆண்டுக்கு மேல் குத்தகைக்கும் எடுக்க முடியாது. நாடாளுமன்றத்தில் உட்காரும் வழி அதற்கு முன்பே அடைபட்டிருந்தது. மிச்சமிருந்த வாக்குரிமையும் 1728இல் போனது. அதே 1704 சட்டத்தில் இலண்டன் சொருகி அனுப்பிய ஒரு பிரிவு, அயர்லாந்துத் திருச்சபை முறைப்படி நற்கருணை பெறாதவர்களுக்கு அரசுப் பதவிகளையும் நகராட்சிப் பதவிகளையும் மறுத்தது. வடக்கே இருந்த பிரெஸ்பிடேரியர்கள், அதாவது அந்தத் திருச்சபையைச் சேராத இன்னொரு சீர்திருத்தச் சபையினர், அதில் சிக்கினார்கள். அந்தப் பிரிவை நீக்கக் கூடாது என்று வாதாடியவர்களில் ஸ்விஃப்ட்டும் ஒருவர்.

மாலினூ இன்னும் வெளிப்படை. இந்நாட்டில் இப்போது இருக்கும் மக்களில் மிகப் பெரும்பாலோர் இங்கிலாந்திலிருந்து வந்தவர்களின் வழித்தோன்றல்கள் என்றும், பழைய ஐரிஷ்காரர்கள் ஆயிரத்தில் ஒருவர்கூட இல்லை என்றும் எழுதினார். கணக்கு வராதவரா அவர்? டப்ளினில் தத்துவச் சங்கம் தொடங்கிய அறிவியலாளர். கணக்கில் வைக்கத் தகுந்தவர்கள் என்று தனக்குப் பட்டவர்களை மட்டும் எண்ணியிருக்கிறார்.

தமிழில் 'மக்கள்' என்று எழுதிய மறுகணம், வாக்குச்சாவடி வரிசையில் நிற்கும் அத்தனை பேரும் அந்தச் சொல்லுக்குள் வந்து உட்கார்ந்துவிடுகிறார்கள். வேறு சொல் தேடிப் பார்த்தேன். 'குடியினர்' என்றால் கல்வெட்டு வாசனை அடிக்கிறது. 'நாட்டார்' என்றால் கும்மிப் பாட்டு நினைவுக்கு வருகிறது. ஆகவே 'மக்கள்' என்றே எழுதுங்கள். ஆனால் பக்கத்து வாக்கியத்திலேயே அந்த மக்கள் யார், வெளியே நிறுத்தப்பட்டவர்கள் யார் என்று சொல்லிவிடுங்கள். அடிக்குறிப்பில் தள்ளாதீர்கள். அடிக்குறிப்பை யாரும் படிப்பதில்லை. நானும் படித்ததில்லை.

இதைச் சொன்னதும் சிலர் மறுகோடிக்கு ஓடுகிறார்கள். ஸ்விஃப்ட் குடியேறிகளின் ஆள், அத்தோடு முடிந்தது என்கிறார்கள். அதுவும் படிக்காமல் எழுதுவதுதான். 1729இல் அவர் வெளியிட்ட 'எளிய யோசனை', டப்ளின் தெருக்களில் கந்தல் உடுத்திய பிள்ளைகளோடு பிச்சை எடுக்கும் தாய்மார்களில் தொடங்குகிறது. அவர்களுடைய குழந்தைகளை உணவாக விற்றுவிடலாமே என்று முகம் கோணாமல் கணக்குப் போட்டுக் காட்டுகிறது. அங்கே உண்ணப்படும் குழந்தைகள் பெரும்பாலும் கத்தோலிக்க ஏழைகளுடையவை. ஒரே மனிதரின் பேனாவில், ஐந்தே ஆண்டுகளில், கண்ணுக்குத் தெரியும் மனிதர்களின் வட்டம் வேறாகிவிடுகிறது. எனவே ஒரு பிரசுரத்தில் கண்ட எல்லையை அடுத்ததற்குத் தூக்கிச் செல்ல முடியாது. ஒவ்வொன்றையும் முழுதாகப் படித்தே ஆக வேண்டும்.

என் தொடர் மூன்றாம் பகுதியோடு நின்றது. 'தவிர்க்க முடியாத காரணங்களால்' என்று இதழில் போட்டார்கள்.

அரசாங்கத்தை நாடாளுமன்றத்தில் தேடுவது

'ஆளுங்கட்சி' என்றும், 'தேர்தலில் தோற்ற அரசு' என்றும் வரைவுகளில் பார்க்கிறேன். டப்ளினில் நாடாளுமன்றம் இருந்தது உண்மை. கீழவையில் 300 உறுப்பினர்கள். அரசாங்கம் இருந்ததோ டப்ளின் கோட்டையில். அதன் தலைவரான வைஸ்ராயை இலண்டன் நியமித்தது. டப்ளின் நாடாளுமன்றத்தால் அவரை வீட்டுக்கு அனுப்ப முடியாது. 1494இல் வந்த பாய்னிங்ஸ் சட்டத்தால் மசோதாக்கள் கடல் கடந்து போய் ஒப்புதல் பெற்று வர வேண்டும். அங்கே திருத்தி அனுப்பினால், அப்படியே ஏற்பது அல்லது தள்ளிவிடுவது என்ற இரண்டில் ஒன்றுதான் டப்ளினுக்கு. போதாததற்கு 1720இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம், அயர்லாந்துக்குத் தானே நேரடியாகச் சட்டம் இயற்றலாம் என்று அறிவித்துக்கொண்டது. இந்தக் கட்டுகள் தளர்ந்தது 1782இல். அப்போதும் கோட்டையில் யார் உட்கார்வது என்பதை இலண்டனே முடிவு செய்தது.

தேர்தல் என்கிறீர்களா? 1727இல் தேர்ந்தெடுக்கப்பட்ட நாடாளுமன்றம், மன்னர் இரண்டாம் ஜார்ஜ் இறந்த 1760 வரை ஓடியது. எட்டு ஆண்டுக்கு ஒரு முறையாவது தேர்தல் என்ற சட்டம் 1768இல்தான் வந்தது.

'வைஸ்ராய்' என்ற சொல்லும் நம்மை ஏமாற்றும். கல்கத்தாவும் சிம்லாவும் மனத்தில் வந்து நிற்கும். அயர்லாந்து வைஸ்ராய்கள் பெரும்பாலும் இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை கூட்டத்தொடருக்கு வருவார்கள், முடிந்ததும் கப்பலேறிவிடுவார்கள். 1767இல் வந்த டவுன்ஷெண்ட்தான் டப்ளினிலேயே தங்கினார். அதுவரை, பதவிகளும் சலுகைகளும் பெற்றுக்கொண்டு அவையில் கோட்டைக்குப் பெரும்பான்மை சேர்த்துத் தரும் உள்ளூர்ப் புள்ளிகள் இருந்தார்கள். அவர்களுக்கு 'அண்டர்டேக்கர்' என்று பெயர். ஒரு வரைவில் 'அயர்லாந்து நாடாளுமன்றத்தை ஈமச்சடங்கு நடத்துபவர்களே கட்டுப்படுத்தினர்' என்று வந்தது. சிரித்துவிட்டு அடித்தேன். பிரிட்டனோடு இணைப்பு வந்து மறைந்த அந்த நாடாளுமன்றத்தின் கடைசி இரண்டு ஆண்டுகளுக்கு என்றால் அடிக்க மனம் வந்திருக்காது.

முகப்புப் பெயரை நம்புவது

துணிக்கடைக்காரர் கடை வைத்திருக்கவில்லை. அவர் புனித பேட்ரிக் பேராலயத்தின் தலைமைக் குரு. 1791இல் கத்தோலிக்கர்களுக்காக வாதாடிய பிரசுரத்தின் முகப்பில் 'வடக்கத்திய விக்' (Whig, அன்றைய ஓர் அரசியல் அணியைச் சேர்ந்தவர்) என்று இருக்கும். எழுதிய வுல்ஃப் டோன் டப்ளின்காரர், சீர்திருத்தச் சபையில் பிறந்தவர். அவரைக் கத்தோலிக்கத் தலைவராக்கி எழுதிய கட்டுரைகளைப் பார்த்திருக்கிறேன். அவர் பேசியது சீர்திருத்தச் சபையினரிடம், முக்கியமாக வடக்கத்தியப் பிரெஸ்பிடேரியர்களிடம்.

இன்னும் நஞ்சானது ஒன்று உண்டு. 1798இல், பிரிட்டனோடு இணைவதற்கு ஆதரவான வாதங்களையும் எதிரான வாதங்களையும் பரிசீலிப்பதாகப் பெயர் சூட்டிக்கொண்டு ஒரு பிரசுரம் பெயரில்லாமல் வந்தது. நடுநிலையாளர் யாரோ தராசைப் பிடித்திருக்கிறார் என்று தோன்றும். எழுதியவர் எட்வர்ட் குக், கோட்டையின் துணைச் செயலர். தராசுக்கே சம்பளம் கொடுத்தது அரசாங்கம்.

தேதி

1752க்கு முன் ஆண்டு மார்ச் 25இல் பிறந்தது. 'பிப்ரவரி 1724' என்று அச்சாகியிருந்தால் அது நம் கணக்கில் 1725 ஆக இருக்கலாம்.

பணம்

ஓர் ஆங்கில ஷில்லிங், அயர்லாந்தில் 13 பென்ஸ். மாற்றாமல் கூட்டாதீர்கள்.

'திருட்டுப் பதிப்பு' என்பது

இலண்டன் புத்தக வியாபாரிகளின் கோபத்தை நாம் ஏன் கடன் வாங்க வேண்டும்? 1710ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் அயர்லாந்தில் செல்லாது. இலண்டன் நூலை டப்ளினில் மறுபடி அச்சிட்டது 1801 வரை அங்கே குற்றமே இல்லை. அதைக் கப்பலேற்றி இங்கிலாந்தில் விற்றால்தான் குற்றம்.

அச்சிட்டவரை மறப்பது

எழுதியவர் பெயரை மறைத்துக்கொண்டார். அச்சிட்டவர் பெயரும் முகவரியும் முகப்பின் அடியில் இருந்தன, எனவே பிடிபட்டவரும் அவரே. 1720இல் அயர்லாந்துத் துணிகளையே வாங்குங்கள் என்று ஸ்விஃப்ட் பெயரிடாமல் எழுதியபோது, வழக்கில் நின்றவர் அச்சகர் எட்வர்ட் வாட்டர்ஸ். குற்றமற்றவர் என்று சொன்ன நடுவர் குழுவை நீதிபதி விட்ஷெட் ஒன்பது முறை திருப்பி அனுப்பினார். 1724இல் துணிக்கடைக்காரர் கடிதங்களுக்காகக் கைதானவர் ஜான் ஹார்டிங். 1725இல் அவர் இறந்துபோனார்.

போன மாத வரைவின் கடைசிப் பக்கத்தில், 1729இல் 'எளிய யோசனை'யை ஹார்டிங் மீண்டும் துணிந்து அச்சிட்டார் என்று இருந்தது. இறந்து நான்கு ஆண்டுகள் ஆனவர் எப்படி அச்சிட்டார் என்று ஓரத்தில் பென்சிலால் கேட்டேன். முகப்பை எடுத்துப் பார்த்துவிட்டு மறுநாளே பதில் அனுப்பினார். அதில் 'எஸ். ஹார்டிங்' என்று இருக்கிறது: ஜானின் மனைவி சாரா.