நம்பும்படி வரும் தவறான எண்: கருவியை வலையமைப்பில் இணைப்போர் தவிர்க்க வேண்டியவை

டர்பனுக்கு வடக்கே கரும்பாலை ஒன்றின் ஆய்வகத்தில், சாற்றில் சர்க்கரை எவ்வளவு என்பதைச் சொல்லும் பிரிக்ஸ் அளவைக் காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரை ஈதர்நெட் வழியாகக் கட்டுப்பாட்டுக் கணினியோடு இணைத்திருந்தோம். கருவியின் திரையில் 14.86 என்றிருக்க, கணினியில் 14 என்றே பதிவானது. அடுத்து 15, மறுபடி 14 என்று வரைபடம் படிக்கட்டாக ஏறி இறங்கியதே ஒழிய, எச்சரிக்கை ஒன்றும் எழவில்லை. கணினியின் தென்னாப்பிரிக்க வட்டார அமைப்பில் தசமக் குறி காற்புள்ளி; கருவி அனுப்பியதோ புள்ளி; அந்த அமைப்பை அப்படியே எடுத்துக்கொண்ட எங்கள் நிரல், புள்ளியைக் கண்டதும் வாசிப்பை நிறுத்திக்கொண்டது. கணினியின் அமைப்பு எதுவாயினும், கருவியின் எண்ணை வாசிக்கும் இடத்தில் தசமக் குறி புள்ளிதான் என்று நிரலிலேயே எழுதிவிட வேண்டும். இணைப்பு அறுந்தால் யாரேனும் கவனித்துவிடுவார்கள். எனக்கு அச்சம் தருவது நம்பும்படி வந்து நிற்கும் தவறான எண்தான்.

ஒரே தடவையில் அனுப்பியது ஒரே தடவையில் வந்து சேரும் என்று எண்ணுவதும் இத்தகையதே. வலையமைப்பில் தரவைக் கொண்டுசெல்லும் நெறிமுறையான டிசிபி, பைட்டுகளை வரிசை மாறாமல் சேர்க்கும்; செய்தி எங்கே முடிகிறது என்பது அதற்குத் தெரியாது. மேசையில் சோதிக்கும்போது முழுதாக வந்த 14.86, ஆலையின் நெரிசலான வலையமைப்பில் முதலில் 14.8 என்றும் பின்னால் தனியாக 6 என்றும் வரலாம். வரி முடிவுக் குறி வரும்வரை சேர்த்து வைத்து, அதன் பிறகே எண்ணாக மாற்ற வேண்டும்.

அளவுக் கருவிகளோடு கணினி பேசுவதற்கான எஸ்சிபிஐ தரத்தில், அளவு வரம்பு மீறினால் அதைக் குறிக்க 9.9 × 10³⁷ என்ற எண் வரும். அதை அளவீடாகக் கருதிச் சராசரியில் சேர்த்தால் அன்றைய கணக்கு முழுவதும் பாழ். மாட்பஸ் என்ற தொழிற்சாலை நெறிமுறையில் பேசும் கருவியில் 32 பிட் தசம எண் இரண்டு ரெஜிஸ்டர்களில் (16 பிட் நினைவிடங்களில்) பிரிந்து இருக்கும். அவற்றை முன்பின்னாக வாசித்தால் 25 டிகிரி வெப்பநிலை ஏறத்தாழச் சுழியாகத் தெரியும்.

லோட் ஷெடிங்கை அனுபவித்த நாம் மின்வெட்டை மறந்து எதையும் இணைக்கக் கூடாது. மின்சாரம் போய்க் கருவி அணையும்போது, இணைப்பை முடிக்கும் செய்தி எதையும் அது அனுப்புவதில்லை. யுபிஎஸ்ஸில் ஓடும் கணினியோ பழைய இணைப்பிலேயே பதிலுக்குக் காத்திருக்க, திரையில் கடைசி எண் அப்படியே நிற்கும். காத்திருப்புக்கு டைம்அவுட் என்ற கால வரம்பு வைப்பதும், அது கடந்தால் பழைய சாக்கெட்டை (நிரலின் இணைப்பு முனையை) மூடிப் புதிதாக இணைவதும் கட்டாயம். மின்சாரம் திரும்பியதும் முகவரி மாறிவிடாதபடி, கருவிக்கு நிலையான ஐபி முகவரியையும் ஒதுக்க வேண்டும்.

தென்னாப்பிரிக்காவின் வறண்ட கரூ பகுதியில் 64 ஆன்டெனாக்களோடு 2018இல் தொடங்கப்பட்ட மீர்கேட் ரேடியோ தொலைநோக்கியில் கருவிகளைக் கட்டுப்படுத்தப் பயன்படும் கேட்சிபி நெறிமுறையில், உணரியின் ஒவ்வொரு அளவும் எடுக்கப்பட்ட நேரத்தோடும் நிலைக் குறியோடும்தான் வரும். நாங்களும் எங்கள் பதிவில் அந்த இரண்டுக்கும் நெடுவரிசைகளைச் சேர்த்தோம். இப்போது 30 நொடிக்கு மேல் பழையதாகிவிட்ட எண், திரையில் சாம்பல் நிறத்துக்கு மாறிவிடுகிறது.